பறவை வேட்டையும் பார்வையாளராக நிற்கும் குழந்தையும்

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு ஒரு திறந்த மடல்



பறவைகள் சுட்டு வீழ்த்தப்படுவதைக் குழந்தைகள் வேடிக்கை பார்க்கலாமா என்ற கேள்வி மலேசியாவில் இரண்டு சூழல்களில் எழுகிறது. ஊராட்சி மன்றங்கள் குடியிருப்புப் பகுதிகளில் நடத்தும் காகம் சுடும் நடவடிக்கை ஒன்று. சாலையோர மரங்களை நோக்கித் துப்பாக்கி நீளும்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவது இயல்பு. புறா, காடை, கானாங்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போவது மற்றொன்று. தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் சிறுவர்கள் லாஸ்டிக் என்னும் கவணை எடுத்துக் குருவி அடிப்பதும் இதன் தொடர்ச்சியே. பெரியவர்கள் செய்வதைத்தான் சிறுவர்கள் சிறிய அளவில் செய்து பார்க்கிறார்கள்.

மூன்று வகைக் கொலை

பறவையைக் கொல்வது எல்லாமே ஒரே வகையைச் சேர்ந்தது என்று கொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. உணவுக்காகக் கொல்வது உண்டு; அங்கே கொல்பவரின் நோக்கம் பசி. பயிரையோ சுகாதாரத்தையோ காக்கக் கொல்வது உண்டு. அங்கே நோக்கம் தொல்லையைக் குறைப்பது. குறி தப்பாமல் சுடும் இன்பத்துக்காகக் கொல்வது மூன்றாவது வகை. இதில் பறவையின் சாவே விளையாட்டின் பொருள். முதல் இரண்டிலும், கொல்லாமலே காரியம் முடியுமென்றால் கொல்வதற்கு அவசியம் இல்லை. மூன்றாவதில் பறவை சாகாவிட்டால் விளையாட்டே இல்லை.

ஆனால் நடைமுறையில் இந்த எல்லைகள் எளிதில் கலந்துவிடுகின்றன. தொல்லை நீக்கம் என்று தொடங்கும் வேலை, யார் அதிகம் சுட்டார்கள் என்று எண்ணத் தொடங்கியதும் போட்டியாகிறது. கூட்டம் கூடிக் கைதட்டினால் அதுவே கேளிக்கையாகிறது. குழந்தைக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஊராட்சி மன்றத்தின் காரணங்களை அது படிப்பதில்லை. துப்பாக்கி வெடிப்பதையும், பறவை விழுவதையும், பெரியவர்களின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியையும் மட்டுமே அது பார்க்கிறது.

காகமும் நகரமும்

மலேசிய நகரங்களில் சுடப்படும் காகம் பெரும்பாலும் வீட்டுக் காகம். இது இந்த மண்ணின் பறவை அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலத்தில், கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. தமிழர்கள் கூலிகளாகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்த காலமும் அதுவே. காப்பித் தோட்டங்கள் மறைந்தன. காகம் தங்கிப் பெருகி, தீபகற்பத்தின் மேற்குக் கரை நகரங்களெங்கும் பரவியது. எச்சம், இரைச்சல், கூடு கட்டும் காலத்தில் தலையைக் கொத்த வருவது, மற்றப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பது என்று அதன்மீது வரும் புகார்கள் உண்மையானவை. காகம் ஒரு சிக்கல் என்பதை மறுத்து இந்த விவாதத்தை நடத்த முடியாது.

அந்தச் சிக்கலுக்குத் துப்பாக்கி எவ்வளவு தூரம் விடையாகும் என்பது வேறு கேள்வி. 2024ஆம் ஆண்டில் கிள்ளான் அரச மாநகர் மன்றம் நடத்திய ஒரு நடவடிக்கையில் 300க்கும் மேற்பட்ட காகங்கள் சுடப்பட்டன. பொதுமக்களின் புகார்களை மன்றம் காரணமாகக் காட்டியது. விலங்கு நல அமைப்புகள் கண்டித்தன. சிங்கப்பூரும் பல ஆண்டுகள் காகங்களைச் சுட்டுவந்தது. பின்னர் பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதிச் சுடுவதைக் கைவிட்டு, கூடுகளை அகற்றுவது, பொறி வைப்பது, உணவுக் கழிவுகளை மூடி வைப்பது ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. காகத்தின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அதற்குக் கிடைக்கும் தீனி. திறந்து கிடக்கும் குப்பைத் தொட்டியும், கடைத்தெருவில் சிந்திக் கிடக்கும் மிச்சச் சோறும் இருக்கும்வரை, சுடப்பட்ட காகத்தின் இடத்துக்கு வேறொன்று வந்து சேரும்.

தமிழ்க் குழந்தைக்கு இதில் தனியாக ஒரு குழப்பமும் உண்டு. அமாவாசையன்று வீட்டில் சமைத்த முதல் கவளம் காகத்துக்கு. பாட்டி வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்து, காகம் வந்து எடுக்கும்வரை காத்திருந்து, முன்னோர் வந்து உண்டதாக நிறைவடைகிறார். அதே வாரத்தில் அதே தெருவில் அதே பறவை சுடப்பட்டு விழுவதையும், சுற்றி நிற்பவர்கள் ஆரவாரிப்பதையும் அந்தக் குழந்தை பார்க்க நேர்ந்தால், பெரியவர்கள் சொல்வதில் எது உண்மை என்ற கேள்வி அதன் மனத்தில் எழுவது நியாயம்.

சுடப்பட்ட பறவைக்கு நேர்வது

பறவை வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா ஒற்றைக் குண்டு அன்று. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் இருக்கும். வெடித்ததும் அவை விரிந்து பாய்கின்றன. நடுவில் அகப்படும் பறவை உடனே இறக்கலாம். ஓரத்தில் அகப்படும் பறவையின் இறக்கை எலும்போ காலோ முறியும். வயிற்றில் ஒன்றிரண்டு ரவைகள் தங்கும். அப்படி அடிபட்ட காகம் கிளைகளில் மோதிக்கொண்டே தார்ச்சாலையில் விழுகிறது. ஓர் இறக்கை நிலத்தில் இழுபட, மற்றொன்றால் அடித்துக்கொண்டு சாக்கடை ஓரம் வரை நகர்கிறது. வாய் திறந்திருக்கிறது, கண் மூடுவதில்லை. அதற்குள் மற்றக் காகங்கள் கூடி, விழுந்த இடத்துக்கு மேலே வட்டமிட்டுக் கரைகின்றன. விழுந்ததைப் பொறுக்கிச் சாக்குப்பையில் போடும் ஆள் வரும்வரை இது நடக்கும். கூடு கட்டும் பருவமானால், மேலே கூட்டில் குஞ்சுகள் பசியோடு காத்திருக்கும்.

அடிபட்டும் பறந்து தப்பிய பறவைகள் எங்கோ ஒரு புதரில் பல நாள் கிடந்து சாகின்றன. அவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஈய ரவைகள் மண்ணிலும் நீரிலும் தங்கி, அவற்றைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கும் நீர்ப்பறவைகளையும் நஞ்சாகிக் கொல்கின்றன. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

குழந்தை கற்றுக்கொள்வது

குழந்தைகள் பார்த்துக் கற்கிறார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. எதைப் பார்த்தால் பின்பற்றுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. 1961இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழந்தைகள் பள்ளியின் 72 குழந்தைகளை வைத்து அவர் ஓர் ஆய்வு நடத்தினார். காற்றடைத்த பெரிய பொம்மையை ஒரு பெரியவர் அடிப்பதையும் உதைப்பதையும் பார்த்த குழந்தைகள், தனியே விடப்பட்டபோது அதே அடியையும் அதே சொற்களையும் திரும்பச் செய்தார்கள். 1965இல் வெளியான அவருடைய மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே பின்பற்றினார்கள். அடித்தவர் பாராட்டப்படுவதையோ, அவருக்கு எதுவும் நேராமல் போவதையோ பார்த்த குழந்தைகள் அதிகம் பின்பற்றினார்கள்.

பொம்மையை அடித்த குழந்தை வளர்ந்து மனிதரை அடிக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. வேட்டை பார்த்த பிள்ளைகள் எல்லாரும் கொடியவர்களாவதும் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. செயலுக்குப் பெரியவர்கள் காட்டும் முகமே குழந்தைக்குப் பாடம். துடிக்கும் பறவையைக் கண்டதும் சிறு குழந்தைக்கு இயல்பாக வருவது இரக்கம். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கும்போது, தன் இரக்கம்தான் தவறு என்று அது எண்ணிக்கொள்கிறது. அழுதால் கேலி, சிரித்தால் தட்டிக்கொடுப்பு. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால், அடக்கிக்கொள்ளப் பழகிவிடும். குழந்தை தன் இரக்கத்தை இழப்பது அங்கேதான்.

ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழுவும் இதைக் கவனத்தில் கொண்டிருக்கிறது. 2014இல் போர்ச்சுகல் பற்றிய தன் மதிப்பீட்டில், காளைச்சண்டையில் பயிற்சி பெறும் குழந்தைகளோடு அதைப் பார்வையாளராக இருந்து காணும் குழந்தைகளின் மனநலத்தைப் பற்றியும் அது கவலை தெரிவித்தது. 2023இல் வெளியிட்ட 26ஆம் பொதுக் கருத்துரையில், விலங்குகள் மீது இழைக்கப்படும் வன்முறையைக் காண நேர்வதிலிருந்து குழந்தைகள் காக்கப்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறியது. இந்தக் குழு கண்காணிக்கும் குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்தது.

ஹெகின்ஸ்: ஓர் ஊரின் திருவிழா

குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு பறவை சுடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஹெகின்ஸ் என்ற சிற்றூர் சான்று. 1934 முதல், தொழிலாளர் தின விடுமுறையில், ஊர்ப் பூங்காவில் ஆண்டுதோறும் புறா சுடும் போட்டி நடந்தது. பெட்டிகளில் அடைத்த புறாக்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவார்கள், போட்டியாளர்கள் சுடுவார்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான புறாக்கள் விழும். குடும்பங்கள் சாப்பாட்டோடு வந்து அமர்ந்து பார்க்கும்.

சாகாமல் விழும் புறாக்களை ஓடிப் போய்ப் பொறுக்கும் வேலை ஊர்ச் சிறுவர்களுக்கு. உயிர் இருக்கும் புறாவின் கழுத்தைத் திருகி முடிப்பதும் அவர்கள் வேலைதான். இது பரம்பரை வழக்கம், ஊர்ப் பூங்காவுக்கு நிதி சேர்க்கிறது, பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கற்பிக்கிறது என்று ஏற்பாட்டாளர்கள் வாதிட்டார்கள். விலங்கு நல ஆர்வலர்கள் பல ஆண்டுகள் திடலுக்கே சென்று எதிர்த்தார்கள். 1999இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், விலங்குவதைத் தடுப்பு அலுவலர் இதன்மீது வழக்குத் தொடுக்க முடியும் என்று தீர்ப்பளித்ததும் போட்டி நின்றது.

பல நாடுகள் இந்த முடிவுக்கு முன்பே வந்திருந்தன. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டின்போது உயிர்ப்புறா சுடும் போட்டி நடந்தது; பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன் 21 புறாக்களைச் சுட்டு வென்றார். அதன்பின் ஒலிம்பிக்கில் பறவைகள் சுடப்படவில்லை. அடைத்து வைத்த பறவைகளைத் திறந்துவிட்டுச் சுடுவதை பிரிட்டன் 1921இல் சட்டம் இயற்றித் தடுத்தது.

சமயங்களும் மரபும்

பினாங்குத் தமிழர்களிடையே இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் மூன்றும் உண்டு. அண்டை வீட்டில் பௌத்தமும் உண்டு. உயிருள்ள பறவையை விளையாட்டுக் குறியாக்குவதைப் பற்றி இவற்றுள் பலவற்றில் பழைய நினைவுகள் இருக்கின்றன.

இராமாயணம் பிறந்த கதையே வேடன் அம்பில் வீழ்ந்த அன்றில் பறவையிலிருந்து தொடங்குகிறது. துணையை இழந்த பறவையின் கதறல் வால்மீகியின் வாயில் செய்யுளாயிற்று என்பது மரபு. சோழர்கள் தம் குலமுதல்வனாகக் கொண்டாடிய சிபி, ஒரு புறாவுக்காகத் தன் தசையை அரிந்தவன். சித்தார்த்தர் சிறுவராக இருந்தபோது, தேவதத்தன் அம்பெய்து வீழ்த்திய அன்னத்தை எடுத்துக் காத்தார் என்று பௌத்தக் கதை சொல்கிறது. அதில் எய்தவனும் சிறுவன், காத்தவனும் சிறுவன்.

நபிமொழித் தொகுப்புகளில் உள்ள ஒரு செய்தி இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமானது. குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அதன்மீது அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். நபித்தோழர் இப்னு உமர் அவ்வழியே வந்தார். அவரைக் கண்டதும் இளைஞர்கள் கலைந்து ஓடினார்கள். உயிருள்ளதைக் குறிப்பொருளாக்குபவரை நபிகள் சபித்திருக்கிறார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார். உண்பதற்கு அறுப்பதை அனுமதிக்கும் மார்க்கமே, குறி பழகுவதற்கு உயிரைப் பயன்படுத்துவதை இவ்வளவு கடுமையாகத் தடுத்திருக்கிறது. மேலே சொன்ன மூன்று வகைக் கொலையின் வேறுபாடு பழங்காலத்திலேயே தெளிவாக உணரப்பட்டிருந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதன் நடைமுறைச் சான்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அங்குள்ள ஏரியின் பறவைகளை விளையாட்டாகச் சுட்டபோது, ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798ஆம் ஆண்டளவில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதை ஊரே விட்டிருக்கிறது. வெடியின் மீது ஆசை இல்லாத குழந்தை இல்லை. அந்த ஊர்க் குழந்தைகள் அதைப் பறவைக்காக விட்டுக்கொடுத்து வளர்கிறார்கள்.

எழுப்பப்படும் மறுப்புகள்

முதல் மறுப்பு: சந்தையில் கோழி அறுப்பதைக் குழந்தை பார்க்கிறது, கோயில் வேண்டுதலுக்குச் சேவல் அறுப்பதையும் பார்க்கிறது, இதை மட்டும் மறைப்பது ஏன்? சந்தையில் கோழி அறுப்பவர் அதைக் கேளிக்கையாகச் செய்வதில்லை. எத்தனை அறுத்தார் என்று யாரும் பரிசு கொடுப்பதில்லை. உணவு எங்கிருந்து வருகிறது என்பதைக் குழந்தை அறிவது நல்லதே. அது தட்டில் இருப்பதை மதிக்கவும் கற்றுத்தரும். சாவைக் குழந்தையிடமிருந்து மறைக்க வேண்டும் என்று இங்கே சொல்லப்படவில்லை. சாவை வேடிக்கையாக்கிக் காட்டக் கூடாது என்பதே கருத்து.

இரண்டாவது மறுப்பு: வேட்டையில் பழகியவர்களே பின்னாளில் இயற்கையின் காவலர்களானார்கள். இதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர் பறவையியலாளர் சாலிம் அலி. பத்து வயதளவில் பம்பாயில் காற்றுத் துப்பாக்கியால் அவர் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று தெரிந்துகொள்ள விரும்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கே செயலராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்ட் குருவியை அடையாளம் சொல்லி, கழகத்தின் பறவைச் சேகரிப்பையும் திறந்து காட்டினார். 1985இல் வெளிவந்த தன்வரலாற்று நூலின் பெயரிலும் சாலிம் அலி அந்தக் குருவியை வைத்தார். அவரை உருவாக்கியது துப்பாக்கி என்று இதைப் படிப்பது பிழை. பறவையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவர்தான் அவரை உருவாக்கினார். துப்பாக்கி மட்டும் பறவைக் காவலரை உருவாக்குமென்றால், 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தபோது, அங்கிருந்த துப்பாக்கிக்காரர்கள் அத்தனை பேரும் காவலர்களாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு: குறிபார்க்கும் திறமை ஒரு நல்ல விளையாட்டு. அது உண்மை, அதற்குப் பறவை தேவையில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் காற்றுத் துப்பாக்கியால் காகிதக் குறியைச் சுட்டு உலக அரங்கில் பதக்கங்கள் வென்றார். மலேசியாவின் நூர் சூர்யானி தாய்பி எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுட்டார். இவர்களின் திறமைக்கு ஓர் உயிரும் பலியாகவில்லை.

சட்டம்

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716ஆம் சட்டம், தீபகற்ப மலேசியாவில் பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமம் இன்றி வேட்டையாடுவதைக் குற்றமாக்குகிறது. முழுப் பாதுகாப்புப் பெற்றவற்றைச் சிறப்பு அனுமதி இன்றித் தொட முடியாது. வனவிலங்கை வதைப்பதும் அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான் இதை நடைமுறைப்படுத்துகிறது. லாஸ்டிக்கால் அடிபடும் குருவி பாதுகாக்கப்பட்ட இனமா என்று அடிக்கும் சிறுவனுக்குத் தெரியாது. பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது. சட்டம் தடுக்காத இடத்தில், குழந்தை எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பு வீட்டையும் பள்ளியையுமே சேரும்.

செய்யத்தக்கவை

பினாங்கில் பறவை பார்க்க நல்ல இடங்கள் பல. 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மரங்கொத்தியும் மீன்கொத்தியும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணுக்கு எளிதில் படும். 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற பினாங்கு மலையில் இருவாய்ச்சியைக் காணலாம். செபராங் பிறையின் ஆயர் ஈத்தாம் டாலாம் காடு பறவை ஆர்வலர்கள் தேடிப் போகும் இடம். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரை நீளும் சேற்றுக் கரைக்கு, வடக்கே குளிர் தொடங்கும்போது சைபீரியா வரையிலான தொலைவிலிருந்து கரைப்பறவைகள் வந்து இரை தேடுகின்றன. மலேசிய இயற்கைக் கழகத்துக்குப் பினாங்கில் கிளை உண்டு. ஒரு சோடித் தொலைநோக்கியும், பறவை பெயர் தெரிந்த ஓர் ஆசிரியரும் போதும். புறப்பாட நேரத்தில் ஒரு பறவைக் கழகம் தொடங்கிவிடலாம்.

ஆகவே 28 பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தங்கள் அடுத்த கூட்டத்தில் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும் என்பது இந்த மடலின் வேண்டுகோள். காகத்தையோ வேறு பறவையையோ சுடும் எந்த நிகழ்ச்சிக்கும் பள்ளிப் பிள்ளைகள் பார்வையாளராகவோ உதவியாளராகவோ அனுப்பப்படக் கூடாது. ஊராட்சி மன்றம் சுடும் நடவடிக்கை எதையும் அறிவித்தால், அது பள்ளி, விளையாட்டுத் திடல், குடியிருப்பு ஆகியவற்றின் அருகே, பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரத்தில் நடக்கக் கூடாது என்று எழுத்து மூலம் கோர வேண்டும். துப்பாக்கிக்கு முன் குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போடும்படியும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டில் ஒரு நாளாவது பிள்ளைகளை உயிரோடு பறக்கும் பறவைகளைப் பார்க்க அழைத்துச் செல்ல வேண்டும்.

பறவையைச் சுட்டு மகிழ்வதைக் குழந்தைகள் பார்க்கக் கூடாது. அதைக் காட்டாமல் இருப்பது பெரியவர்களின் கடமை. அந்தக் கடமையைப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து ஏற்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு